கப்பலுக்குப் போகும் தம்பிக்கு பிபி இருந்தால்: மெடிக்கலும் மருந்துப் பெட்டியும் செலவும்

கடலூர் சோனாங்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தம்பி, கப்பலில் அடிப்படை ஊழியராகச் சேர்வதற்கான ஜி.பி. ரேட்டிங் படிப்பை முடித்து, மாலுமிப் புத்தகமான சி.டி.சி.யும் வாங்கிவிட்டான். முதல் கப்பலுக்கு மெடிக்கல் போன இடத்தில் ரத்த அழுத்தம் 152/98 என்று வந்திருக்கிறது. "மாத்திரை போட்டுக்கொண்டு போய் இன்னொரு தடவை காட்டு, பாரத்தில் மட்டும் ஒன்றும் எழுதாதே" என்கிறாராம் ஏஜென்ட். கப்பலில் டாக்டர் இருப்பாரா, ஏதாவது ஆகிவிட்டால் செலவு யாருடையது, விசைப்படகில் மீன்பிடிக்கப் போகும் அப்பாவுக்கும் இந்தச் சட்டம் செல்லுமா என்றும் கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை. வணிகக் கப்பல்களில் செகண்ட் ஆபீசராகவும் பிறகு சீஃப் ஆபீசராகவும் இருந்து ஓய்வு பெற்று, இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். கப்பலில் மருந்துப் பெட்டியின் சாவி பெரும்பாலும் செகண்ட் ஆபீசரிடம்தான் இருக்கும். அந்தச் சாவியை வைத்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஏஜென்ட் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம், அதுதான் அவசரம். மறைக்கவே வேண்டாம் தங்கச்சி. ஏஜென்டுக்கு ஆள் ஏறினால் போதும், அதோடு அவர் வேலை முடிந்தது. மறைத்ததற்கான விலையைக் கொடுக்கப்போவது உங்கள் குடும்பம். கப்பல் ஊழியர்களுக்கு என்று உலக அளவில் ஒரு சட்டம் இருக்கிறது, 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. எம்.எல்.சி. என்பார்கள். 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. கப்பலில் இருக்கும்போது வரும் நோய்க்கும் காயத்துக்கும் செலவு கப்பல் முதலாளியுடையது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பிலிருந்து முதலாளி விலகிக்கொள்ள நாடுகளின் சட்டம் அனுமதிக்கலாம் என்று சில காரணங்களும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். வேலையில் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய் அதில் ஒன்று. நாளைக்கு நடுக்கடலில் பையனுக்குப் பக்கவாதம் வந்து, பையில் பிபி மாத்திரைப் பட்டை கிடைத்து, பாரத்தில் 'எந்த நோயும் இல்லை' என்று அவன் கையெழுத்து இருந்தால், காப்பீட்டுக்காரர் முதலில் அந்தத் தாளைத்தான் எடுப்பார். மறைக்கச் சொன்ன ஏஜென்டின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

மறைக்கத் தேவையும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பிபி இருந்தால் கப்பலே கிடையாது என்று நம் பக்கத்துப் பையன்கள் பயப்படுகிறார்கள். சர்வதேச வழிகாட்டுதல்படி, மேல் அளவு 160-ஐத் தாண்டினாலோ கீழ் அளவு 100-ஐத் தாண்டினாலோதான், பரிசோதித்து சிகிச்சை தரும்வரை தற்காலிகமாகத் தகுதி இல்லை என்பார்கள். சிகிச்சையில் கட்டுக்குள் வந்து, மருந்தால் மயக்கம், தடுமாற்றம் எதுவும் இல்லை என்றால் தகுதி உண்டு. சில கம்பெனிகள் இதைவிடக் கறாராக இருக்கும், அது அவர்கள் விருப்பம். ஒரு கம்பெனி வேண்டாம் என்றால் தொழிலே போய்விட்டதாக அர்த்தம் இல்லை. சான்றிதழே மறுக்கப்பட்டாலும், சுதந்திரமான இன்னொரு மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்கும் உரிமை அதே உடன்படிக்கையில் இருக்கிறது.

அந்த 152 எப்படி வந்தது என்றும் பாருங்கள். கடலூர், புதுச்சேரிப் பையன்கள் மெடிக்கலுக்குப் போகும் விதம் எனக்குத் தெரியும். கப்பல்துறை அங்கீகரித்த டாக்டர்கள் பலர் சென்னையில் இருப்பதால், நள்ளிரவு தாண்டி பஸ் ஏறி, உட்கார்ந்தபடியே அரைத் தூக்கம் தூங்கி, விடியற்காலை இறங்கி இரண்டு டீயைக் குடித்துவிட்டு, 'பாஸ் ஆவோமா' என்ற படபடப்போடு போய் உட்கார்ந்தால் யாருக்கும் அளவு ஏறும். முந்தின நாளே போய்த் தங்கச் சொல்லுங்கள். டீ, காபி, சிகரெட்டுக்குப் பிறகு அரை மணி நேரமாவது போகவேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பார்ப்பதுதான் சரியான அளவு.

அதற்கு முன்னால், ஒரு வாரம் காலையும் மாலையும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டில் மெஷின் இருந்தால் வீட்டிலோ பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அப்போதும் 140/90-க்கு மேலேயே நின்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போகவேண்டும். இருபது, இருபத்திரண்டு வயதில் பிபி ஏறினால் சிறுநீரகம், தைராய்டு இதிலெல்லாம் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதைக் கண்டுபிடிப்பது கப்பலை விட முக்கியம். மாத்திரை எழுதும் டாக்டரிடம், "இன்ஜின் ரூம் சூட்டில் வேலை, ஏணியில் ஏறி இறங்கவேண்டும்" என்று பையன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். உடம்பிலிருந்து நீரை இறக்கும் வகை மாத்திரை போட்டுக்கொண்டு கடும் வெப்பத்தில் வேர்த்துக் கொட்டினால் தலை சுற்றும். டாக்டருக்கு அது தெரிந்தால் வேறு மருந்து யோசிப்பார். வீட்டில் கருவாட்டையும் ஊறுகாயையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், நம் ஊர்ச் சாப்பாட்டில் உப்பு அதிகமாக ஏறுவது அந்த வழியில்தான்.

மெடிக்கல் சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு வருடம் செல்லும், 18 வயதுக்குக் கீழே ஒரு வருடம். நிறக்குருடு இருந்தால் டெக் வேலை கிடைக்காது. இடதுபக்கச் சிவப்பு விளக்கையும் வலதுபக்கப் பச்சை விளக்கையும் பிரித்துப் பார்க்க முடியாதவர் இரவில் காவல் நிற்க முடியாது, இதில் சலுகையும் கூடாது. இதையெல்லாம் பிள்ளையைப் படிக்க அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், லட்சங்களைக் கட்டிய பிறகு இல்லை. சொத்தைப் பல்லைக் கரையிலேயே அடைத்துவிட்டுப் போகவேண்டும். நடுக்கடலில் பல்வலி வந்தவனுக்கு வலி மாத்திரைக்கு மேல் எங்களால் அதிகம் செய்ய முடியாது.

சரி, கப்பலில் டாக்டர் இருப்பாரா? சரக்குக் கப்பலில் இருக்க மாட்டார். நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு, மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். தம்பி ஏறப்போகும் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். அங்கே டாக்டர் வேலை பார்ப்பது பயிற்சி பெற்ற ஓர் அதிகாரி. பதினைந்து பேரோ அதற்கு மேலோ இருந்து, மூன்று நாளுக்கு மேற்பட்ட பயணம் போனால் தனியாக ஒரு ஆஸ்பத்திரி அறை இருக்கவேண்டும், அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஒரு கட்டில், பக்கத்திலேயே குளியலறை, ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், பூட்டிய மருந்து அலமாரி. மார்பின் போன்ற கடும் வலிநிவாரணிகள் கேப்டனின் பூட்டில் இருக்கும். அலமாரியில் ஒவ்வொரு மருந்துக்கும் காலாவதித் தேதி எழுதிய பட்டியல் தொங்கும், குறைந்தது வருடம் ஒரு முறை சோதனை நடக்கவேண்டும்.

அந்த அதிகாரி தனியாகவும் இல்லை. கரையில் இருக்கும் டாக்டரோடு சாட்டிலைட் போனில் பேசி ஆலோசனை கேட்கும் ஏற்பாடு உலகம் முழுவதும் இருக்கிறது, இலவசம். ரோமில் 1935-இல் தொடங்கிய சி.ஐ.ஆர்.எம். என்ற நிலையம் இதில் பெயர் பெற்றது. வானொலித் தந்தியைக் கொண்டுவந்த மார்க்கோனிதான் அதன் முதல் தலைவர். எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் பேசுவார்கள். இன்மார்சாட் என்ற சாட்டிலைட் போனில் 32 என்ற குறியீடு மருத்துவ ஆலோசனைக்கு, 38 ஆளை இறக்கும் அளவுக்கு உதவி வேண்டும் என்றால்.

அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், தம்பிக்கு உதவும். இன்ஜின் ரூம் ஊழியரான ஆயிலர் ஒருவருக்கு வயிற்றுவலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் படுக்கவைத்து நாடி, மூச்சு, காய்ச்சல், பிபி நான்கையும் நேரத்தோடு எழுதுவேன். அப்புறம் டாக்டர் கேட்க ஆரம்பிப்பார். வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது, வாந்தி முதலில் வந்ததா வலி முதலில் வந்ததா, கடைசியாக எப்போது சாப்பிட்டார், வயிற்றை மெல்ல அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தால் துடிக்கிறாரா. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம், கப்பலைத் திருப்பவேண்டுமா என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். இத்தனை முடிவும் நோயாளி சொல்லும் பதிலில் நிற்கிறது. 'நேற்றிலிருந்து' என்பதற்கும் 'மூன்று நாளாக, சொல்லப் பயந்தேன்' என்பதற்கும் நடுவில் ஓர் உயிர் போய்விடும். கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர், உக்ரைன்காரர் என்று கலந்து இருப்பார்கள். எங்கே வலி, எப்போதிலிருந்து, எப்படிப்பட்ட வலி என்று எளிய ஆங்கிலத்தில் சொல்ல வீட்டிலேயே பழகிக்கொண்டு போகட்டும்.

ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போகும் என்று நினைக்காதீர்கள். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரைதான் அது வரும். இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும்போது பக்கத்துத் துறைமுகம் நான்கைந்து நாள் ஓட்டமாக இருக்கலாம். அதனால்தான் மெடிக்கலில் அவ்வளவு கேள்வி கேட்கிறார்கள், ஆளைக் கழித்துக்கட்ட இல்லை.

நான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: உடம்புக்கு எது வந்தாலும் கப்பலில் எழுத்தில் பதிவாகவேண்டும். நம் பையன்கள் சொல்ல மாட்டார்கள். போசன் (டெக் ஊழியர்களின் மேஸ்திரி) என்ன நினைப்பார், அடுத்த காண்ட்ராக்ட் கிடைக்குமா, ஊருக்கு அனுப்பிவிட்டால் வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று பயம். கடலூர் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு கிரைண்டரில் விரல் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு, அறைக்காரன் கொடுத்த மாத்திரையோடு காண்ட்ராக்ட் முடியும்வரை ஓட்டிவிட்டான். ஊருக்கு வந்து பார்த்தால் தசைநாண் அறுந்து விரல் மடங்கவில்லை. ஆபரேஷன் செலவைக் கேட்டபோது கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று: விபத்து அறிக்கை எங்கே? கப்பலில் அப்படி ஒரு காயம் நடந்ததாக ஒரு வரிகூட இல்லை. உண்மை முழுவதும் அவன் பக்கம், காகிதம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் அவன் அம்மாவின் நகைதான் போனது. இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆகவே சின்ன வெட்டுக் காயமாக இருந்தாலும் மருத்துவப் பொறுப்பாளரிடம் போய், பதிவேட்டில் எழுதியதைப் பார்த்துவிட்டு வரவேண்டும். விபத்து என்றால் விபத்து அறிக்கை. துறைமுகத்தில் நின்றால் டாக்டரிடமோ பல் டாக்டரிடமோ கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கலாம், முடிகிற இடத்தில் மறுக்கக் கூடாது, அவன் காசும் செலவாகக் கூடாது. டாக்டர் எழுதிய தாளைப் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் வீட்டில் ஒரு ஃபைல் போடுங்கள். காண்ட்ராக்ட் நகல், மெடிக்கல் சான்றிதழ், கப்பலின் பெயரும் அதன் அடையாள எண்ணான ஐ.எம்.ஓ. எண்ணும், கம்பெனியின் பி அண்ட் ஐ காப்பீட்டுக்காரர் (கப்பல் முதலாளியின் பொறுப்புகளுக்குக் காப்பீடு தருபவர்) யார் என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் கேட்டே வைப்பதில்லை. இழப்பீட்டுப் பணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரவேண்டும்.

செலவுக் கணக்கு இப்படி: நோயோ காயமோ வந்தவருக்கு கப்பலில் இருக்கும்வரை, ஊருக்கு அனுப்பிவைக்கும்வரை முழுச் சம்பளம். சிகிச்சைச் செலவை முதலாளி ஏற்கவேண்டும். அதற்கு வரம்பு வைப்பதானால்கூட, நோய் தொடங்கிய நாளிலிருந்து 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. தொழிற்சங்கத்தோடு போடும் பல கூட்டு ஒப்பந்தங்களில் இதைவிட நன்றாகவே இருக்கும், காண்ட்ராக்டைப் படித்தால் தெரியும். ஊர் திரும்பிய பிறகு எத்தனை நாளுக்குள் கம்பெனி டாக்டரிடம் காட்டவேண்டும் என்று போட்டிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். ஊர் வந்ததும் கோயில், உறவு, கல்யாணம் என்று ஓடிவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய் நின்றால், வலி வீட்டில் வந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

வேலையின் ஆபத்துகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஆள் சாவது அதில்தான். மூடிய அறைகள். கப்பலின் சமநிலைக்குக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்க், நங்கூரச் சங்கிலி கிடக்கும் லாக்கர், நிலக்கரியோ மரத்துகளோ ஏற்றிய ஹோல்ட் என்ற சரக்கு அறை. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கவேண்டும். மூடிக்கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரியும் மரத்துகளும் அப்படியே. வாசனை இருக்காது, இருமல் வராது, ஏணியில் இறங்கும்போதே கால் தளர்ந்து விழுவார். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கிய அண்ணன் தம்பியும் சேர்ந்து போகிற செய்தியைப் படிக்கிறோமே, கப்பலிலும் அச்சு அசல் அதுவேதான். மேலே நிற்பவர் பாசத்தில் குதிப்பார். தம்பிக்குச் சொல்லுங்கள்: அனுமதித் தாள் இல்லாமல், மேல் நடு கீழ் மூன்று மட்டத்திலும் காற்றை மீட்டர் வைத்துப் பார்க்காமல், வாசலில் ஆள் நிற்காமல் யார் சொன்னாலும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் அலாரம் அடிக்கவேண்டும், மூச்சுக்கருவி மாட்டியவர்கள் மட்டும்தான் இறங்கலாம். 2015-இலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதற்குப் பயிற்சி நடத்துவது கட்டாயம். அது பெயருக்கு நடக்கிற கப்பல் என்றால் அவன் இரண்டு மடங்கு கவனமாக இருக்கவேண்டும்.

மற்றவை உடனே தெரியாது, மெல்ல வரும். இன்ஜின் ரூம் சத்தத்தில் காது போகும், 85 டெசிபலுக்கு மேல் காதுக்கவசம் கட்டாயம். எண்ணெயும் ரசாயனமும் தோலைப் புண்ணாக்கும். தூக்கம் கெடும். எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம், எந்த 7 நாளிலும் 77 மணி நேரம் ஓய்வு என்பது சட்டம். ஓய்வுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் உண்மையில் தூங்கிய நேரம்தான் அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும், நாளை அதுவும் சாட்சிதான். ஆப்பிரிக்கத் துறைமுகங்கள் என்றால் மலேரியா மாத்திரை, மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஊசியைச் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுவார்கள். பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். அந்தச் சான்று 2016-இலிருந்து வாழ்நாள் முழுவதும் செல்லும்.

பிபி மாத்திரையை முழு காண்ட்ராக்ட் காலத்துக்கும், பட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போகட்டும். லேபிள் இல்லாத லேகியம், பொடி வேண்டாம். டிராமடால், கோடீன், தூக்க மாத்திரை இவற்றுக்கு வளைகுடா நாடுகளில் சிறைவரை போகும்.

மனசும் உடம்பின் ஒரு பகுதிதான். 2020-இல் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் காண்ட்ராக்ட் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பல்களில் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கப்பல்களில் இன்டர்நெட் வசதி தருவது பற்றி உடன்படிக்கையிலேயே சேர்த்தார்கள், 2024 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. தம்பி பேசும்போது குரல் மாறியிருந்தால், "சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாமல், தூக்கம் வருதா, யாராவது திட்டுகிறார்களா என்று கேளுங்கள். வீட்டுக் கடனைப் பற்றிய பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

ஏஜென்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாலுமிகளை வேலைக்கு அமர்த்துவதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கிறதா என்று கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பாருங்கள். வேலை வாங்கித் தர மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. மெடிக்கல் சான்றிதழ், சி.டி.சி., பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் அவனுடையது. உரிமம் இல்லாதவர் ஏற்றிவிட்ட கப்பலில் நோய் வந்தால், மேலே நான் எழுதிய உரிமைகளைக் கேட்டு வாங்க ஆள் தேடவேண்டியிருக்கும். நோயை மறைக்கச் சொல்கிறவரிடம் உரிமம் இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்பா விஷயம். எம்.எல்.சி. மீன்பிடிப் படகுகளுக்குச் செல்லாது. மீனவர்களுக்கென்று 2007-இல் தனியாக 188-ஆம் எண் உடன்படிக்கை வந்தது, 2017-இல் நடைமுறையானது, ஆனால் இந்தியா அதை ஏற்கவில்லை. தம்பியைப் போலவே கடலில் பிழைக்கும் அப்பாவுக்குக் கப்பல்காரனின் பாதுகாப்பு இல்லை, இது பெரிய அநியாயம். இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு இரண்டரை லட்சம், விபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 25,000 ரூபாய் வரை. அவர் பெயர் அதில் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். இது விபத்துக்கு மட்டும்தான், மாரடைப்புக்கு வராது. பிபி குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால் தம்பிக்குப் பார்க்கிற அன்றே அப்பாவுக்கும் பாருங்கள். மாத்திரை என்று ஆகிவிட்டால் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வரும், கடலில் தங்கும் நாட்களுக்குச் சேர்த்து வாங்கிப் படகில் நனையாத டப்பாவில் வைக்கவேண்டும்.

கடலில் யாருக்காவது நெஞ்சுவலி, பலத்த காயம் என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண், போன் எடுக்காத தூரத்தில் வி.எச்.எஃப். ரேடியோவில் சேனல் 16. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டதும் முதலில் ஜி.பி.எஸ்.-இல் உள்ள இரண்டு எண்களையும் சொல்லவேண்டும், அதற்குப் பிறகு படகின் பதிவு எண், நோயாளியின் வயது, என்ன ஆயிற்று என்பது. இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.